நாயின் முகத்தில் புள்ளியா, கட்டியா? மருந்து தடவும் முன் யோசியுங்கள்

வேலை முடிந்து வீடு திரும்புகிறவரை முதலில் வரவேற்பது பல வீடுகளில் நாய்தான். கேட்டைத் திறக்கும் முன்பே வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வரும். அதன் தலையைத் தடவும் கை ஒரு நாள் சட்டென்று நின்றுவிடுகிறது. கண்ணோரத்தில் காசு அளவுக்கு முடி கொட்டியிருக்கிறது. அல்லது உதட்டோரத்தில் பட்டாணி போல ஏதோ தட்டுப்படுகிறது. நேற்று இருந்ததா, போன மாதமே இருந்ததா என்று வீட்டில் யாருக்கும் நினைவில்லை.

அடுத்த அரைமணி நேரத்தில் வீட்டுக்குள் ஒரு சிறிய மருத்துவ மாநாடே நடந்து முடிந்துவிடும். "கொசு கடிச்சிருக்கும், விடுங்க" என்பார் அப்பா. "மஞ்சளும் வேப்பிலையும் அரைச்சுப் பூசுங்கய்யா, ரெண்டு நாள்ல போயிரும்" என்பார் பாட்டி. மகன் அலமாரியைத் திறந்து, போன வருடம் தன் கை அரிப்புக்கு டாக்டர் கொடுத்த கிரீமில் மிச்சம் இருப்பதை எடுத்து வருவான். இவர்களில் யாரும் நாய்க்குக் கெடுதல் நினைக்கவில்லை. ஆனால், பல நாய்களின் துன்பம் இந்த அரைமணி நேரத்தில்தான் தொடங்குகிறது.

காரணம் எளிது. நாயின் முகத்தில் வரும் புள்ளிகளுக்கும் கட்டிகளுக்கும் பின்னால் பத்துக்கும் மேற்பட்ட வெவ்வேறு கோளாறுகள் இருக்கலாம். அவற்றில் பல, வெறும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். ஒன்றைக் குணப்படுத்தும் மருந்து இன்னொன்றை மோசமாக்கும். ஆகவே முதலில் நோயின் பெயர் தெரிய வேண்டும். மருந்து அதற்குப் பிறகுதான்.

இரண்டு குட்டிகள், இரண்டு மருந்துகள்

இதைப் புரிந்துகொள்ள இரண்டு குட்டி நாய்களைக் கற்பனை செய்து பார்க்கலாம். முதல் குட்டிக்கு நான்கு மாதம். கண்ணைச் சுற்றியும் வாயோரத்திலும் வட்ட வட்டமாக முடி கொட்டியிருக்கிறது. தோல் லேசாகச் சிவந்திருக்கிறது. பெரிதாக அரிப்பு இல்லை. குட்டி வழக்கம்போல் ஓடி விளையாடுகிறது. இது பெரும்பாலும் டெமோடெக்ஸ் என்னும் நுண்பூச்சியின் வேலையாக இருக்கும். ஒரு மில்லிமீட்டரில் கால் பங்கு நீளமே உள்ள இந்தப் பூச்சி, சுருட்டு போன்ற வடிவத்தில் மயிர்க்கால்களுக்குள் வாழ்கிறது. பிறந்த முதல் சில நாள்களில் பால் குடிக்கும்போது தாயிடமிருந்து குட்டிக்கு வருகிறது. ஆரோக்கியமான நாய்களின் தோலிலும் இது கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். குட்டியின் நோய் எதிர்ப்புச் சக்தி இன்னும் முழுமை அடையாத நேரத்தில் மட்டும் பெருகி, முடியை உதிர்க்கிறது. சில இடங்களில் மட்டும் இருந்தால், பெரும்பாலான குட்டிகளுக்குச் சில மாதங்களில் தானாகவே சரியாகிவிடும். மனிதருக்கு இது ஒட்டாது.

இரண்டாவது குட்டிக்கு இரண்டு மாதம். ஓரிரு நாளில் முகம் வீங்கிவிட்டது. இமைகளும் உதடுகளும் தடித்து, மூஞ்சியில் சீழ்க் கொப்புளங்கள் எழும்பியுள்ளன. தாடைக்குக் கீழே நெறிகள் கட்டியிருக்கின்றன. குட்டி சோர்ந்து படுத்திருக்கிறது, சாப்பிட மறுக்கிறது. இதற்குக் குட்டிநாய்ச் செல்லுலைட்டிஸ் என்று பெயர். சீழ் இருப்பதால் கிருமிதான் காரணம் என்று தோன்றும். உண்மையில், குட்டியின் எதிர்ப்புச் சக்தியே அதன் தோலைத் தாக்குகிறது.

இப்போது மருந்துக்கு வருவோம். இரண்டாவது குட்டியைக் காப்பாற்றுவது ஸ்டீராய்டு. அதைக் கால்நடை மருத்துவர் சரியான அளவில் உடனே தொடங்க வேண்டும். தாமதித்தால் முகத்தில் நிலையான தழும்பு விழும். உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம். அதே ஸ்டீராய்டை முதல் குட்டிக்குக் கொடுத்தால் என்ன ஆகும்? எதிர்ப்புச் சக்தி இன்னும் குறையும். பூச்சிகள் உடல் முழுதும் பரவும். அதன்மேல் கிருமித் தொற்றும் சேர்ந்துகொள்ளும். தானாக ஆறியிருக்க வேண்டிய இரண்டு வட்டங்கள், மாதக்கணக்கில் மருந்து சாப்பிட வேண்டிய பெரிய நோயாகிவிடும்.

மகன் அலமாரியிலிருந்து எடுத்து வந்த கிரீமில் என்ன இருக்கிறது? மனிதர்களின் அரிப்புக்குத் தரப்படும் கிரீம்களில் பலவற்றில் இருப்பது இந்த ஸ்டீராய்டுதான்.

இரண்டு குட்டிகளையும் பிரித்தறியும் முதல் சோதனை மிகச் சிறியது. மருத்துவர் ஒரு மழுங்கிய கத்தி முனையால் தோலைச் சுரண்டி, அந்த மாதிரியைக் கண்ணாடித் தகட்டில் வைத்து நுண்ணோக்கியில் பார்ப்பார். பூச்சி இருந்தால் சில நிமிடங்களில் தெரிந்துவிடும்.

முகத்தில் வழக்கமாக வருபவை

சொறிப்பூச்சி: காது மடலின் விளிம்பு, முகம், முழங்கை ஆகிய இடங்களில் பொருக்குத் தட்டும். அரிப்பு தாங்க முடியாததாக இருக்கும். நாய் இரவு பகலாகச் சொறியும். நாயைத் தூக்கும் வீட்டாருக்கும் கையிலும் வயிற்றிலும் அரிக்கும் தடிப்புகள் வந்தால், இதைச் சந்தேகிக்க வேண்டும்.

படர்தாமரை: இது பூஞ்சைத் தொற்று. வட்டமாக முடி உதிர்ந்து செதில் செதிலாக இருக்கும். டெமோடெக்ஸ் போலவே தோன்றும். ஆனால் மனிதருக்கும், குறிப்பாகப் பிள்ளைகளுக்கு, ஒட்டிக்கொள்ளும். வீட்டில் பூனை இருந்தால் அதையும் சேர்த்துச் சோதிக்க வேண்டும்.

முகவாய்ப் பருக்கள்: குட்டை முடி உள்ள பாக்சர், டோபர்மேன், புல்டாக், ரோட்வைலர் போன்ற இனங்களுக்குப் பருவ வயதில் முகவாயிலும் உதட்டிலும் சிவந்த பருக்கள் வரும். முரட்டு முடி தோலுக்குள் உடைந்து புதைவதே முக்கியக் காரணம். பிதுக்கினால் இன்னும் ஆழமாக உடைந்து சீழ் பிடிக்கும்.

மரு: இளம் நாய்களின் உதட்டிலும் வாய்க்குள்ளும் காலிஃபிளவர் பூப்போல வரும். வைரஸ் கிருமியால் உண்டாவது. நாயிலிருந்து நாய்க்குப் பரவும், மனிதருக்குப் பரவாது. பெரும்பாலும் ஒன்று முதல் ஐந்து மாதங்களுக்குள் தானாக உதிர்ந்துவிடும். சாப்பிட முடியாத அளவுக்குப் பெருகினால் மட்டும் சிகிச்சை தேவைப்படும்.

ஹிஸ்டியோசைட்டோமா: பெயர் பயமுறுத்தும், ஆள் சாது. மூன்று வயதுக்குட்பட்ட நாய்களின் காதிலோ தலையிலோ சிவப்புப் பொத்தானைப் போல முடியில்லாத கட்டி திடீரென எழும்பும். பெரும்பாலும் இரண்டு மூன்று மாதங்களில் நாயின் உடலே அதைக் கரைத்துவிடும். அந்த வேலையைச் செய்வது எதிர்ப்புச் சக்தி என்பதால் இங்கேயும் ஸ்டீராய்டு ஆகாது.

கண்ணுக்குக் கீழே வீக்கம்: இது தோல் நோயே இல்லாமல் இருக்கலாம். நாயின் மேல்தாடையில் உள்ள பெரிய கடைவாய்ப்பல்லின் வேர், கண்ணுக்குச் சற்றுக் கீழே முடிகிறது. எலும்பைக் கடித்துப் பல் உடைந்து வேரில் சீழ் கட்டினால், வீக்கம் கன்னத்தில் தெரியும். மருந்து சாப்பிட்டால் வற்றும், சில வாரங்களில் மறுபடி வரும். பல்லைக் கவனிக்காதவரை இந்தக் கதை முடியாது.

மூக்கில் நிறமாற்றம்: கறுப்பு மூக்கு வெளுத்து, சொரசொரப்பு மறைந்து வழவழப்பாகி, புண்ணாகிறதா? எதிர்ப்புச் சக்திக் கோளாறு காரணமாக இருக்கலாம். வெயில் பட்டால் இது அதிகமாகும். நாள் முழுதும் வெயிலில் கட்டிப்போடப்படும் நாய்களுக்கு இது கூடுதல் தொல்லை.

கறுப்புப் புள்ளி: தோலோடு தோலாகத் தட்டையாக இருக்கும் கறுப்புப் புள்ளிகள் பெரும்பாலும் வெறும் நிறம்தான். ஆனால் உதட்டின் உட்புறத்திலோ ஈறிலோ மேடாக எழும்பும் கறுப்புக் கட்டி வேறு. அது கொடிய புற்றுநோயாக இருக்கும் வாய்ப்பு அதிகம் என்பதால் ஒரு வாரம்கூடக் காத்திருக்கக் கூடாது.

உண்ணி: இரத்தம் குடித்து உப்பிய உண்ணியைக் கட்டி என்று நினைப்பவர்களும் உண்டு, சிறு மருவை உண்ணி என்று நினைத்துப் பிய்த்து இரத்தம் வரவைப்பவர்களும் உண்டு. கால்கள் தெரிகின்றனவா என்று நல்ல வெளிச்சத்தில் பார்த்தால் போதும். உண்ணி என்றால், சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். நெருப்பால் சுடுவதும் மண்ணெண்ணெய் ஊற்றுவதும் கூடாது.

பல வேடம் போடும் கட்டி

மேலே உள்ளவற்றைப் படித்ததும், முகத்துக் கட்டிகளில் பாதிக்கு மேல் சாதுவானவைதானே என்று தோன்றலாம். அந்த எண்ணத்தில்தான் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. அதன் பெயர் மாஸ்ட் செல் கட்டி.

நாய்களின் தோலில் வரும் புற்றுக் கட்டிகளில் மிக அதிகமாகக் காணப்படுவது இதுதான். தோல் கட்டிகள் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்தால் சுமார் 16 முதல் 21 விழுக்காடு இந்த வகை என்று மருத்துவ நூல்கள் கூறுகின்றன. எட்டு ஒன்பது வயதில் அதிகம் வரும். ஆனால் குட்டிகளுக்கும் வரலாம். பாக்சர், பக், லாப்ரடோர், கோல்டன் ரிட்ரீவர் போன்ற இனங்களில் கூடுதலாகக் காணப்படுகிறது. கலப்பின நாய்களும் விதிவிலக்கல்ல.

இதற்கென்று ஒரு தோற்றம் கிடையாது. கொசுக்கடி போல இருக்கும், மரு போல இருக்கும், கொழுப்புக் கட்டி போல மெத்தென்றும் இருக்கும். இந்தக் கட்டியின் செல்களுக்குள் ஹிஸ்டமின் என்னும் இரசாயனம் நிறைந்திருக்கிறது. நமக்கு ஒவ்வாமை ஏற்படும்போது தோலைத் தடிக்க வைப்பதும் அதே பொருள்தான். கட்டியைத் தேய்த்தாலோ பிதுக்கினாலோ ஹிஸ்டமின் வெளியேறி, சுற்றிலும் சிவந்து வீங்கும். சில மணி நேரத்தில் மறுபடி வற்றும். வீட்டார் வற்றியதைப் பார்த்து, "குறைஞ்சிருச்சு, பரவாயில்லை" என்று நிம்மதி அடைவார்கள். பெரிதாகிச் சிறிதாகும் கட்டி ஆறிவரும் கட்டி அல்ல. அதுவே சந்தேகப்பட வேண்டிய அறிகுறி.

மூஞ்சிப் பகுதியில் வரும் மாஸ்ட் செல் கட்டிகள் அருகிலுள்ள நெறிகளுக்குப் பரவக்கூடியவை. இருந்தாலும் பயத்தில் உறைந்துபோகத் தேவையில்லை. தொடக்கத்திலேயே கண்டுபிடித்து முழுமையாக வெட்டி எடுக்கப்பட்ட பல நாய்கள் பல ஆண்டுகள் நலமாக வாழ்கின்றன. இங்கே முக்கியம் நேரம்தான்.

முகத்தில் இடம் குறைவு

உடலின் மற்ற இடங்களைவிட முகத்தில் நேரம் ஏன் கூடுதல் முக்கியம்? நாயின் முதுகில் தோல் தாராளமாகத் தொங்குகிறது. அங்கே பெரிய கட்டியை எடுத்தாலும் தோலை இழுத்துத் தைக்கலாம். முகத்தில் அந்த வசதி இல்லை. புற்றுக் கட்டியை எடுக்கும்போது அதைச் சுற்றியுள்ள நல்ல தோலையும் கொஞ்சம் சேர்த்து எடுத்தாக வேண்டும். கொண்டைக்கடலை அளவில் இருக்கும்போது சில தையலோடு முடிகிற வேலை, எலுமிச்சை அளவானதும் இமையையோ உதட்டையோ இழக்கும் அறுவை சிகிச்சையாகிவிடும்.

இமை ஓரத்தில் வரும் சிறு கட்டிகளும் அப்படித்தான். அவற்றில் பெரும்பாலானவை புற்று அல்ல. ஆனால் ஒவ்வொரு முறை கண் சிமிட்டும்போதும் கருவிழியில் உரசும். புண்ணை உண்டாக்கும். சிறிதாக இருக்கும்போது எடுத்தால் இமை இமையாகவே இருக்கும்.

இதனால்தான் கால்நடை மருத்துவர்கள் பலர் ஓர் எளிய கணக்கைச் சொல்கிறார்கள். கட்டி 1 சென்டிமீட்டரை எட்டிவிட்டாலோ, 1 மாதமாகப் போகாமல் இருந்தாலோ, ஊசி வைத்துச் சோதிக்க வேண்டும். வேகமாக வளர்ந்தாலோ, புண்ணாகி இரத்தம் கசிந்தாலோ அந்த ஒரு மாதம்கூடக் காத்திருக்கக் கூடாது.

ஊசி என்றதும் பயம் வேண்டாம்

இந்தச் சோதனைக்கு வழக்கமான தடுப்பூசிக்குப் பயன்படுத்துவதைப் போன்ற மெல்லிய ஊசியே போதும். கட்டிக்குள் செலுத்தி, சில செல்களை எடுத்து, கண்ணாடித் தகட்டில் பரப்பிச் சாயமிட்டுப் பார்ப்பார்கள். பெரும்பாலான நாய்களுக்கு மயக்க மருந்துகூடத் தேவைப்படாது. மாஸ்ட் செல்கள் ஊதா நிறத் துகள்கள் நிறைந்து காணப்படுவதால் பல சமயம் அன்றே சந்தேகம் தீர்ந்துவிடும். ஊசியில் விடை கிடைக்காவிட்டால் மட்டும் ஒரு சிறு துண்டை வெட்டி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவார்கள்.

"ஊசி குத்தினால் புற்றுநோய் பரவிவிடும்" என்ற பேச்சு நம் மக்களிடம் பரவலாக உண்டு. தோல் கட்டிகளைப் பொறுத்தவரை இந்த அச்சத்தால் சோதனையைத் தள்ளிப்போடுவது சரியல்ல. பெயர் தெரியாத கட்டியை மாதக்கணக்கில் வளரவிடுவதுதான் பெரிய ஆபத்து.

செலவைப் பற்றிய தயக்கமும் இயல்பானதே. மருத்துவரிடம் அதை வெளிப்படையாகக் கேட்பதில் வெட்கமில்லை. "முதலில் எந்தச் சோதனை அவசியம்? எது பிறகு செய்யலாம்?" என்று கேட்டால், அதற்கேற்ப அவர் திட்டமிடுவார். சுரண்டல் சோதனையும் ஊசிச் சோதனையும் தோல் சிகிச்சையிலேயே எளிய சோதனைகள். தவறான கிரீமுக்கும் பிறகு அதனால் வரும் நோய்க்கும் செலவிடுவதோடு ஒப்பிட்டால் கணக்கு புரியும். சிக்கலான நோய்கள் என்றால், மலேசியாவில் செர்டாங்கில் உள்ள புத்ரா மலேசியா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனை போன்ற இடங்களுக்கு மருத்துவர் கடிதம் கொடுத்து அனுப்புவதுண்டு.

வீட்டில் செய்யக் கூடாதவை

கட்டியைப் பிதுக்கக் கூடாது, நூல் கட்டி இறுக்கக் கூடாது. காரணம் மேலே சொல்லப்பட்டுவிட்டது.

சொறிக்குப் பழைய என்ஜின் எண்ணெய் பூசும் வழக்கம் இன்னும் சில இடங்களில் உள்ளது. அது தோலை எரிக்கும். நக்கினால் வயிற்றுக்குள் போகும் விஷம். மண்ணெண்ணெயும் அப்படியே. கற்பூரம் கலந்த தைலங்களும் தேயிலை மர எண்ணெயும் நாய்க்கு நஞ்சு.

வீக்கத்துக்கு வலி மாத்திரை கொடுப்பதும் தவறு. மனிதர் சாப்பிடும் பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென் ஆகியவை நாயின் கல்லீரலையும் சிறுநீரகத்தையும் வயிற்றையும் கெடுக்கக்கூடியவை.

பாட்டியின் மஞ்சள் விஷமல்ல. ஆனால் மயிர்க்காலுக்குள் இருக்கும் பூச்சியை அது எட்டாது. தோலின் நிறத்தை மறைத்து மருத்துவரின் வேலையைக் கடினமாக்கும். பார்க்க வரும் நாளில் எதையும் பூசாமல் இருப்பதே நல்லது.

பண்ணை விலங்குகளுக்கான ஐவர்மெக்டின் மருந்தை அளவு தெரியாமல் நாய்க்குப் போடுவது மற்றோர் ஆபத்து. காலி, ஷெல்டி போன்ற இனங்களில் சில நாய்களுக்கு ஒரு மரபணுக் குறை இருப்பது 2001இல் கண்டறியப்பட்டது. அந்த நாய்களுக்குள் இம்மருந்து மூளைவரை புகுந்து உயிரைப் பறிக்கலாம். டெமோடெக்ஸுக்கும் உண்ணிக்கும் இப்போது உடல் எடைக்கேற்ற புதிய மாத்திரைகள் மருத்துவரிடம் கிடைக்கின்றன. நாய்க்கு முன்பு வலிப்பு வந்திருந்தால் அதை அவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும்.

வீட்டிலேயே செய்யக்கூடியவை

மாதம் ஒருமுறை, நாய் அமைதியாக இருக்கும் நேரத்தில் அதன் முகத்தை விரல்களால் தடவிப் பார்க்க வேண்டும். உதட்டைத் தூக்கி ஈறையும், காது மடலின் இருபுறமும், முகவாயின் அடியும் பார்க்க வேண்டும். எதாவது தட்டுப்பட்டால் பக்கத்தில் ஒரு காசை வைத்துக் கைப்பேசியில் படம் எடுத்து, தேதி குறித்து வைக்கலாம். அடுத்த வாரம் அதே இடத்தில் அதே காசை வைத்து இன்னொரு படம். வளர்ந்ததா, இல்லையா என்பதில் பிறகு வாக்குவாதமே வராது.

நாய் சொறிந்து புண்ணாக்கினால், கழுத்தில் மாட்டும் கூம்பு வளையத்தைப் போட்டுவிடலாம். படர்தாமரை அல்லது சொறி என்ற சந்தேகம் இருந்தால், சோதனை முடியும்வரை பிள்ளைகளோடு ஒரே படுக்கையில் படுக்க விடக் கூடாது. தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

ஒரே ஒரு சூழ்நிலையில் மட்டும் படம், தேதி எதுவும் வேண்டாம். குளவி, தேனீ கடித்தோ தடுப்பூசி போட்ட பிறகோ முகம் மளமளவென்று வீங்கி, மூச்சு வாங்கினாலோ, வாந்தி எடுத்துத் துவண்டாலோ உடனே கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

வளர்க்கும் விலங்கை நோயிலிருந்தும் வலியிலிருந்தும் காப்பது உரிமையாளரின் கடமை என்று மலேசியாவின் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் கூறுகிறது. சட்டம் சொல்லாவிட்டாலும் அன்போடு வளர்ப்பவர்களுக்கு அது தெரியும். ஆனால் அன்பு மட்டும் போதாது. எங்கே வலிக்கிறது, எத்தனை நாளாக வலிக்கிறது என்று நாயால் சொல்ல முடியாது. இன்று மாலை கேட்டருகே அது ஓடி வரும்போது, தலையைத் தடவும் கை இன்னும் ஒரு நிமிடம் கூடுதலாக அதன் முகத்தில் இருக்கட்டும். ஏதாவது தட்டுப்பட்டால், அலமாரியில் இருக்கும் பழைய கிரீம் அங்கேயே இருக்கட்டும். நாயைக் கால்நடை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.